நடந்தால் சட்டம், காரில் ஏறினால் குற்றம்: இடுப்பில் துப்பாக்கியோடு வண்டி ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

ஊரில் வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் தோளில் தவிர வேறெங்கும் துப்பாக்கியைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலானவர்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு வந்த புதிதில், மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்கியதைப் பார்த்து நான் இரண்டடி பின்வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. குடியுரிமை வாங்கி, பயிற்சி எடுத்து, நானும் ஒன்று வாங்கியது பல வருடம் கழித்து. இப்போது நம் மக்களில் கணிசமான பேர் வாங்குகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி காரைப் பற்றித்தான் வருகின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. 'ஓப்பன் கேரி', அதாவது வெளியே தெரியும்படி துப்பாக்கி வைத்திருப்பது, பல மாநிலங்களில் நடந்து போகிறவருக்கு ஒரு சட்டம், காரில் உட்கார்ந்தவருக்கு வேறு சட்டம். கார் கதவைச் சாத்தும் அந்த ஒரு நொடியில் நீங்கள் குற்றவாளி ஆகிவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நண்பர் சொன்னார் என்று ஆன்லைனில் ஒரு உரிமத்தை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். அதை நம்பி எதையும் செய்வதற்கு முன் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அதுவே நாடு கடத்த ஒரு காரணமாகிவிடும். ஒரு குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற சமாச்சாரம் கிரீன் கார்டுக்காரருக்கு வீட்டையே காலி செய்ய வைக்கும்.

சரி, தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தவறு, "எங்கள் மாநிலம் ஓப்பன் கேரி மாநிலம்" என்பதோடு நிறுத்திக்கொள்வது.

மிச்சிகனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உரிமம் இல்லாதவர்கூட, சட்டப்படி தன் பெயரில் உள்ள கைத்துப்பாக்கியை இடுப்பில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம். அதே ஆள் அதே துப்பாக்கியோடு காரில் ஏறி உட்கார்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறைக்குப் போகக்கூடிய பெருங்குற்றம். மறைத்து வைத்தாலும் சரி, வெளியே தெரிந்தாலும் சரி, வாகனத்துக்குள் கைத்துப்பாக்கி வைத்திருக்க மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் வேண்டும் என்கிறது சட்டம். உரிமம் இல்லையென்றால் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கிக்கென்றே செய்த பெட்டியில் மூடி, டிக்கியில் வைக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்திலும், நம்மவர்கள் நிறைந்த ரெட்மண்ட், பெல்வியூ உட்பட, இதே சாயல்தான். லோடு செய்த கைத்துப்பாக்கி காருக்குள் இருக்க வேண்டுமென்றால் உரிமம் கட்டாயம். நடைபாதையில் இருந்த உரிமை காருக்குள் கூடவே ஏறுவதில்லை.

இது ஏன் இப்படி என்று யோசித்தால் நியாயம் புரியும். வலது இடுப்பில் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, மாட்டியவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காரட்டும். சீட் பெல்ட் மேலே வருகிறது, சட்டை மடிந்து விழுகிறது, உடம்பும் கதவும் மறைக்கின்றன. இடது ஜன்னலில் வந்து நிற்கும் போலீஸ்காரருக்குத் துப்பாக்கி தெரியவே தெரியாது. நீங்கள் "வெளிப்படையாக" வைத்திருப்பதாக நினைப்பது அவர் கண்ணுக்கு மறைத்து வைத்ததுதான்.

டெக்சாஸ் இதை வேறு மாதிரி கையாள்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். காருக்குள் அது வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கேதான் பழகினவர்களும் சறுக்குகிறார்கள். நெடுந்தூரம் ஓட்டும்போது இடுப்பில் உறுத்துகிறது. துப்பாக்கியை மட்டும் உருவி பக்கத்து இருக்கையிலோ கப் ஹோல்டரிலோ வைக்கிறார்கள். உறை இடுப்பிலேயே இருக்கிறது. அந்த நிமிடம் முதல் அது குற்றம். ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், சடாரென்று பிரேக் போட்டால் அது முன்னால் சறுக்கிப் போய் எங்கே விழும்? பிரேக் பெடலுக்கு அடியில் போனாலும் போகும். விழுவதைப் பிடிக்க நீளும் விரல் எங்கே படும் என்றும் யோசித்துப் பாருங்கள். டிரிகர் மூடியே இருக்க வேண்டும். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு உறையோடு சேர்த்துக் கழற்றுங்கள். உறையிலிருந்து உருவாதீர்கள்.

அதே டெக்சாஸில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால், காரில் இருக்கும் துப்பாக்கி தனிக் குற்றமாகச் சேரும். சாதாரணப் போக்குவரத்து மீறலுக்கு மேற்பட்ட குற்றம் எதைச் செய்துகொண்டிருந்தாலும் காரில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி போய்விடுகிறது.

மாநில எல்லையைத் தாண்டும்போது நடக்கும் தவறு தனிக் கதை. டல்லாஸிலிருந்து டெட்ராய்ட்டுக்குக் காரில் போகிறீர்கள். ஆர்கன்சா, டென்னஸி, கென்டக்கி, ஒஹையோ எல்லாமே உரிமம் கேட்காத மாநிலங்கள். இரண்டு நாள் ஓட்டி, 'எங்கேயும் பிரச்சினை இல்லையே' என்ற நினைப்பு மனதில் படிந்திருக்கும். டொலீடோவைத் தாண்டியதும் மிச்சிகன். எல்லையில் பெயர்ப்பலகை இருக்கும், துப்பாக்கியைப் பற்றி யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். உரிமம் எடுக்காத டெக்சாஸ்காரர் அந்த நொடியில் பெருங்குற்றம் செய்தவராகிறார். ஆகவே நீங்கள் இருக்கும் மாநிலம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் உரிமம் எடுத்து வையுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

வழியில் உள்ள மாநிலங்களைத் தடையின்றிக் கடந்து போக 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவராக இருக்க வேண்டும், தோட்டா எடுத்திருக்க வேண்டும், கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும். க்ளவ் பாக்ஸும் நடுவில் உள்ள கன்சோலும் அதில் சேராது. இந்தச் சட்டத்தைக் கேடயமாக நினைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். நடுவில் தங்கினாலும் சிக்கல் வரும். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒரு பயணி இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, நியூ ஜெர்சியின் நெவார்க்கில் ஓர் இரவு ஓட்டலில் தங்க நேர்ந்தது. துப்பாக்கி இருந்த பெட்டி அன்றிரவு அவர் கையில் இருந்தது. மறுநாள் காலை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த வழக்கில், அந்த இரவு பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெற்றோருக்கு ஒன்று. பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தாலும் விலக்கு உண்டு. 'உரிமம் தேவையில்லாத மாநிலம்' என்பது உரிமம் வைத்திருப்பதற்குச் சமமாகாது. தினமும் காலையில் பிள்ளையை இறக்கிவிடப் போகும் வரிசையில், இதைத் தெரியாமலே எத்தனை பேர் நிற்கிறார்களோ.

இனி போலீஸ் நிறுத்தும்போது. இதை நிதானமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ கஸ்டீல் என்பவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. அவரிடம் உரிமம் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். அதன் பின் சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் அவருடைய தோழியும் அவளுடைய நான்கு வயது மகளும் இருந்தார்கள். சுட்ட அதிகாரி அடுத்த ஆண்டு விடுதலையானார். கஸ்டீல் தவறு செய்தார் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த சில நொடிகளில் அது உங்களைக் காப்பாற்றாமல் போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நம் தோல் நிறத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே, வண்டி நின்றதும் உள்விளக்கைப் போடுங்கள். ஜன்னலை இறக்குங்கள். இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல். அதிகாரி வருவதற்கு முன் எதையும் தேடாதீர்கள். "துப்பாக்கி" என்ற சொல் வாயிலிருந்து முதல் சொல்லாக வர வேண்டாம். உரிமம் இருக்கிறது என்று ஆரம்பியுங்கள், பிறகு துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். சொல்லும்வரை கை அசையக் கூடாது. பர்ஸும் துப்பாக்கியும் ஒரே பக்கம் இருந்தால் பர்ஸை எடுக்கும் கை துப்பாக்கிக்குப் போவது போலத்தான் தெரியும். ஆகவே பர்ஸை இடப்பக்கம் மாற்றுங்கள். இன்சூரன்ஸ் காகிதத்தைத் துப்பாக்கி இருக்கும் க்ளவ் பாக்ஸில் வைக்காதீர்கள். நான் தலைக்கு மேல் உள்ள வெயில் மறைப்பில் செருகி வைத்திருக்கிறேன்.

நாமாகவே சொல்ல வேண்டுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் உடனே சொல்லியாக வேண்டும், தவறினால் முதல் முறையே 500 டாலர் அபராதம், உரிமமும் ஆறு மாதம் முடங்கும். ஒஹையோவில் 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். டெக்சாஸில் உரிமம் வைத்திருப்பவர், போலீஸ் அடையாள அட்டை கேட்கும்போது உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். எங்கே இருந்தாலும் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வண்டியிலிருந்து இறங்கச் சொன்னால் வாதாடாதீர்கள். 1977-லேயே உச்ச நீதிமன்றம் போலீசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. ஃபிலடெல்ஃபியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்தப்பட்டவரின் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த ரிவால்வரிலிருந்து பிறந்த தீர்ப்பு அது.

சாலைச் சண்டையில் எவனோ குறுக்கே வந்தான் என்று துப்பாக்கியை எடுத்துக் காட்டுவது தற்காப்பு ஆகாது. பயமுறுத்தும் நோக்கில் பொது இடத்தில் காட்டுவதே டெக்சாஸில் குற்றம். நீட்டிவிட்டால் 2 முதல் 20 ஆண்டு வரை போகும் வழக்காகலாம். பேசாமல் அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடுங்கள்.

கடைசியாக, வண்டியை விட்டு இறங்கும்போது. நாள் முழுக்க வெளியே தெரிய மாட்டிக்கொண்டு போகிறவரை யாராவது கவனித்துக்கொண்டிருக்கலாம். துப்பாக்கி அனுமதியில்லை என்று வாசலில் பலகை இருக்கும் கடைக்கு முன்னால் அவர் அதைக் கழற்றிக் காரில் வைப்பதையும் கவனிப்பார்கள். கொலராடோவில் 2025 ஜனவரி முதல், ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் சென்றால் கண்ணில் படாத இடத்தில், பூட்டிய கெட்டியான பெட்டிக்குள் வைத்து, வண்டியையும் பூட்ட வேண்டும். மற்ற மாநிலத்தவர்களும் இதையே பின்பற்றலாம். இருக்கைக்கு அடியில் திருகி மாட்டும் சின்ன இரும்புப் பெட்டி பெரிய விலை இல்லை.

போன வருடம் என் மைத்துனர் எச்-1பியில் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு நாள் இரவு, "மச்சான், கார் சாவி கொடுங்க, ஏர்போர்ட்டுக்குப் போய் ஃபிரெண்டைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். கொடுத்துவிட்டேன். வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டபிறகுதான் கன்சோலில் இருந்தது நினைவுக்கு வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் கண்ணாடியைத் தட்டி நிறுத்தினேன். "ஏன் மச்சான், என்ன ஆச்சு?" என்று இறங்கினார். உறையோடு எடுத்து உள்ளே கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டு வந்த பிறகுதான் அவரிடம் காரணத்தைச் சொன்னேன்.