தீர்க்கதரிசிகள் பேப்பரில் மார்க் போகும் இடங்கள்

சேலத்தில் பைபிளின் தீர்க்கதரிசிகள் பற்றிய இந்தப் பாடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சண்டே ஸ்கூலிலேயே வசனம் மனப்பாடம். சிக்கலே அங்கேதான். ராஜாக்களின் பெயரை மாற்றி எழுதுவதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுவோம்.

வாக்குத்தத்த அட்டையை வைத்து விடை எழுதுவது

எரேமியா 29:11-க்கு விளக்கம் கேட்டால், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கொடுத்த, புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை அப்படியே விடைத்தாளில் வந்து உட்காரும். 'எனக்கு நல்ல எதிர்காலம் உண்டு' என்று முடியும். எரேமியாவைத் தேடினால் கிடைக்க மாட்டார். எத்தனை தரம் சொன்னாலும் இது நிற்பதில்லை.

29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து அனுப்பியது. 27-இலிருந்து மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படியுங்கள். பாபிலோனுக்கு அடங்குங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் நுகத்தோடு வருகிறார். அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி அதை எடுத்து முறித்துப்போட்டு, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். கடிதம் சொல்லும் கணக்கோ 70 வருஷம். 30 வயதில் போனவனுக்கு 100 ஆகியிருக்கும். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்பது அதனால்தான். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்: காப்பி நட்டால் காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருஷம். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்புகிறவன் தோட்டம் போடுவானா?

அந்தக் கசப்புக்குள் வைத்த ஆறுதல்தான் 11-ஆம் வசனம். 70 வருஷம் என்று சொல்லும் பத்தாம் வசனத்தை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்தால் அனனியா பக்கம் போய் நின்றாயிற்று.

விளக்கத்துக்குள் போகுமுன் ஓரத்தில் நாலு வரி எழுதுங்கள்: யார், யாருக்கு, எந்த ராஜா காலம், என்ன நெருக்கடி. 28:1-ல் சிதேக்கியாவின் 4-ஆம் வருஷம், 5-ஆம் மாதம் என்று தேதியே போட்டிருக்கிறது.

தீர்க்கதரிசனத்தை ஜோசியமாக்குவது

வழுக்கிவிடுவது 'தீர்க்கதரிசி' என்ற தமிழ்ச் சொல்தான். தொலைவில் இருப்பதைப் பார்ப்பது என்று அர்த்தம் கொடுக்கிறது. பழைய ஏற்பாட்டின் மூல மொழியான எபிரெயத்தில் சொல் 'நாபி', அதாவது கடவுளின் வார்த்தையை எடுத்துச் சொல்கிறவர். கத்தோலிக்க மாணவர்கள் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்கிறது. அது இன்னும் நெருக்கம். ஆமோஸ் 8:5-ல் மரக்காலைக் குறைத்து, தராசில் ஏமாற்றுகிறவர்கள் பிடிபடுகிறார்கள். அது அன்றைய சந்தை நடப்பு, வருங்கால ஜோசியம் அல்ல.

புத்தக வரிசையைக் கால வரிசை என்று நம்புவது

தானியேலுக்குப் பின்னால் அச்சாகியிருக்கும் ஆமோஸ் கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக்காரர். நோட்டின் முதல் பக்கத்தில் கி.மு. 722 சமாரியா வீழ்ச்சி, 586 எருசலேம் வீழ்ச்சி என்று எழுதி, ஒவ்வொரு தீர்க்கதரிசியையும் அவற்றுக்கு முன்னா பின்னா என்று வையுங்கள்.

எப்பிராயீம்

ஓசியா புத்தகத்தில் அது வட ராஜ்யமான இஸ்ரவேல். தெற்கே இருந்த யூதா அல்ல.

'சின்ன' தீர்க்கதரிசிகள்

ஓசியா முதல் மல்கியா வரையுள்ளவர்களை இப்படிச் சொல்கிறோம். சின்னது புத்தகம்தான், ஆள் அல்ல.