நிழலைப் பார்த்து வெளிச்சத்தை அளப்பது

வெயிலில் படம் எடுக்கும்போது, கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதற்கு முன் தரையில் விழும் உங்கள் நிழலை ஒருமுறை பாருங்கள். நிழலின் ஓரம் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தால், அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை (ஒளியை உள்ளே விடும் நேரம்) ஐஎஸ்ஓ எண்ணை (கேமரா ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் எண்) ஒட்டி அமைக்கலாம். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125 வினாடி. ஓரம் மங்கினால் எஃப் 11, நிழலைத் தேட வேண்டியிருந்தால் எஃப் 8, நிழலே விழாத மேகமூட்டத்தில் எஃப் 5.6, வெயில் நாளில் திண்ணை நிழலில் எஃப் 4. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்திருக்கும் நேரத்துக்கு இக்கணக்கு பொருந்தாது. முகத்துக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தால் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்; ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும்.

இதற்காக எஃப் 16-இலேயே எடுக்க வேண்டும் என்பதில்லை. எஃப் 11-இல் 1/250, எஃப் 8-இல் 1/500, எஃப் 5.6-இல் 1/1000 ஆகிய எல்லாமே படத்தைப் பதியும் சென்சாருக்கு ஒரே அளவு ஒளியைத்தான் தருகின்றன. எண் ஏற ஏறத் துளை ஏன் சிறுக்கிறது என்று புதியவர்கள் குழம்புவது இயல்பு. லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் மேல் மி.மீ. கணக்கில் குறித்திருக்கும் எண்) எந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்குமோ அதுவே எஃப் எண், 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்பது 25 மி.மீ. துளை, எஃப் 16 என்பது 3 மி.மீ. அளவே உள்ள துளை.

கேமராவுக்குள்ளேயே ஒளியை அளக்கும் மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மீட்டர் அளப்பது பொருளின் மேல் விழும் ஒளியை அல்ல, பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அது கருதுகிறது. அதனால்தான் சட்டகம் நிறைய வெள்ளை வேட்டி தெரிந்தால் வேட்டி அழுக்கேறியதுபோல் மங்குகிறது, எண்ணெய் ஏறிய கருங்கல் நந்தி சாம்பல் பூசியதுபோல் வெளுக்கிறது. வேட்டிக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், நந்திக்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். நிழலைப் பார்த்துச் செய்யும் கணக்கு விழும் ஒளியையே எடுத்துக்கொள்வதால் இந்த இரண்டிலும் ஏமாறுவதில்லை. அதன்மேல் எனக்குள்ள மதிப்புக்கு இதுவே காரணம். முழுநிலவும் வெயில் படும் பாறைதான் என்பதால், இரவானாலும் அதற்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/125 போதும். அளவைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ முறையில் விட்டால், அது கருவானத்தை நம்பி நிலவை வெறும் வெள்ளை வட்டமாக்கிவிடும்.

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்துக்குக் கீழே போகக் கூடாது: 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200, சென்சார் சிறியதாக இருந்து குவியத் தூரத்தை 1.5-ஆல் பெருக்க வேண்டியிருந்தால் 1/300-க்கு மேல். லென்ஸில் உள்ள நடுக்கக் கட்டுப்பாடு உங்கள் கை அசைவை மட்டுமே சமாளிக்கும். ஓடுகிற குழந்தைக்கு 1/500 வேண்டும்.

முகங்களை எடுக்க, 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 18-இல் வைத்துக்கொண்டு நெருங்கிப் போகாதீர்கள். மூக்கு பெருத்துத் தெரிவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 55-க்குத் திருகி, அருகில் உள்ள கண்ணில் ஃபோக்கஸ் வையுங்கள்.