வேளாண் தகவல் தொடர்பு படிப்பது எப்படி, எந்த வேலைக்குப் போவது

தமிழ்நாட்டில் வேளாண் தகவல் தொடர்புத் துறைக்கு வர விரும்புவோர் அந்தப் பெயரிலேயே தனி இளநிலைப் பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டு இளநிலை வேளாண்மைப் படிப்பில் பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி சேர்ந்து, முதுநிலையில் வேளாண் விரிவாக்கத்தை, அதாவது ஆய்வில் கண்டதை உழவர்களிடம் கொண்டுசேர்க்கும் பாடத்தை, தேர்ந்தெடுப்பதே நேரான வழி.

அடுத்த படி, இளநிலையிலேயே விரிவாக்கப் பாடங்களை ஊன்றிப் படிப்பது. வேளாண் இதழியல் விருப்பப் பாடமாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமத்தில் தங்கும்போது, உழவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்களுடைய சொற்களிலேயே நோட்டில் எழுதி வாருங்கள்.

மூன்றாவது படிதான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. பரிந்துரையை உழவர் செய்யக்கூடிய வேலையாக மாற்றி எழுதுவது அது. ‘வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளிக்கவும்’ என்று பாடக் குறிப்பில் இருக்கும், வயலில் நிற்பவரோ, “ஒரு டேங்குக்கு எவ்வளவு?” என்றுதான் கேட்பார். ஆகவே 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும் என்று எழுதினால்தான் அது தகவலாகிறது. ஹெக்டேர் கணக்கு எதுவானாலும் ஏக்கருக்கு மாற்றிவிடுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

கருவிகளில், விலை உயர்ந்த கேமராவைவிடச் சாதாரண கைப்பேசியும் நல்ல காலர் மைக்கும் மேல் என்பது என் உறுதியான கருத்து. காற்றிரைச்சலில் பேச்சு கேட்காத வீடியோவால் உழவருக்கு எந்தப் பயனும் இல்லை.

வேலைகளில் நான் முதலில் சொல்வது, உழவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இந்நிலையங்களில் விரிவாக்கத்துக்கென்றே தொழில்நுட்ப வல்லுநர் பணியிடம் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேளாண்மை அலுவலர் (விரிவாக்கம்) தேர்வு, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, வானொலியின் பண்ணை ஒலிபரப்பு, பசுமை விகடன் போன்ற இதழ்கள், விதை, உரம் போன்ற இடுபொருள் நிறுவனங்கள் என வழிகள் பல. 2004இல் தொடங்கிய, உழவர்களுக்கான தொலைபேசி ஆலோசனை மையமான கிசான் கால் சென்டரில் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். உழவர்களின் கேள்விகள் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும் அந்த இருக்கையைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் புதியவருக்கு இல்லை. கற்பிக்க விரும்பினால் முதுநிலைக்குப் பின் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

பின்சேர்க்கை: இதழியல் மட்டும் படித்தவர்கள் இதில் நுழையலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஊடகப் பணிகளுக்கு நுழையலாம். ஆனால் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு வேளாண்மைப் பட்டம் கட்டாயம். இரண்டாண்டு வேளாண்மை டிப்ளமோ முடித்தவர்கள் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.