நகரத்துப் பழைய கட்டடத்தை ஊரும் பள்ளிக்கூடமும் சேர்ந்து திருத்துவது எப்படி?

திருகோணமலை மத்திய வீதியால் நடந்து போனால் ஓடு சரிந்து, விறாந்தைத் தூணைக் கறையான் அரித்த பழைய கடைவீடு ஏதாவது கண்ணில் படும். இடித்துவிட்டுக் கொங்கிரீட்டில் கட்டுவதுதான் இலேசு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அப்படி ஒன்றைச் சனசமூக நிலையமாகவோ மாலை வகுப்பு நடத்தும் இடமாகவோ மாற்ற நினைக்கிறீர்களா? இந்த ஒழுங்கில் தொடங்குங்கள்.

படி 1: காணி உறுதியைப் பாருங்கள்

காணி யார் பெயரில் இருக்கிறது என்று காணிப் பதிவகத்தில் தேடுங்கள். உரித்தாளர்கள் வெளிநாட்டில் இருந்தாலும் ஒவ்வொருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். எத்தனை வருடம் பாவிக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கட்டடம் மிகப் பழையது என்று தோன்றினால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம்.

படி 2: மேசனுக்கு முன் மாணவர்கள்

அதிபரிடம் போய் “சிரமதானத்துக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். பாடத்தோடு சேர்த்துக் கேளுங்கள். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள் அளவெடுத்து வரைபடம் கீறட்டும். வரலாறு படிப்பவர்கள் அந்தத் தெருவின் பழைய கடைக்காரர்களிடம் கதை கேட்டு எழுதட்டும்.

அப்புறம் சுவர். ஐந்து ரூபாய்க் குற்றியால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். உள்ளே விட்டுப் போயிருந்தால் ‘பொத் பொத்’ என்று கேட்கும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டம் போட வேண்டும். ஒரு பின்னேரத்துக்குள் எங்கே உடைக்க வேண்டும், எங்கே கை வைக்கவே கூடாது என்று சுவரே காட்டிவிடும். மேசனுடன் செலவு பேசும்போது இந்த வட்டங்கள் பெரிய உதவி.

படி 3: முதலில் கூரை

வாடை மழை ஒக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் கூரை முடிய வேண்டும். ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, கழுவி, வெடித்ததை ஒதுக்குங்கள். உக்கிய கைமரம், சலாகைகளை மட்டும் மாற்றினால் போதும். ஏறுவது தச்சரும் மேசனும்தான், பிள்ளைகள் அல்ல. இடையில் யாராவது அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருந்தால் மாணவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

படி 4: சுவருக்குச் சுண்ணாம்பு, சீமெந்து அல்ல

இப்படி ஒரு கட்டடத்தைத் திருத்தியபோது நாங்கள் முதலில் பிழை விட்டது இங்கேதான். அவசரத்தில் ஒரு சுவருக்குச் சீமெந்து பூசினோம். ஒரு மாரி கழிந்ததும் அடிப்பக்கம் ஊதி, மாப்போல வெள்ளை உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. கடற்கரை ஊர் என்பதால் உப்பும் சேர்ந்து உள்ளேயிருந்து தள்ளுகிறது.

ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல். கடல்மணல் கூடவே கூடாது. மணலைச் சோதிப்பதை மாணவர்களிடமே விடலாம். கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி, அடுத்த நாள் பாருங்கள். மணலுக்கு மேல் சேறு தடிப்பாகப் படிந்திருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆகவே நீற்றியதையே வாங்குங்கள்.

கச்சான் காற்று வீசும் நாட்களில் பூச்சு வேகமாகக் காய்ந்து வெடிக்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள்.

படி 5: சாவி

சாவி ஒன்று சனசமூக நிலையத்தில், இன்னொன்று பள்ளிக்கூடத்தில். ஒவ்வொரு புரட்டாதியிலும் பீலியில் அடைத்த சருகை அள்ளி, உடைந்த ஓட்டை மாற்றி, மறுபடி ஒருமுறை குற்றியால் சுவரைத் தட்டிப் பாருங்கள்.