‘ஹாம்லெட்’ நாடகத்தை உளப்பகுப்பாய்வு வழியில் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லிக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், செமஸ்டர் முடிவு நெருங்கும்போது தங்கள் அசைன்மென்ட் கட்டுரைகளை என்னிடம் காட்டுவதுண்டு. கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பற்றிய விவாதம் தமிழில் நடக்கும். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை உளப்பகுப்பாய்வு நோக்கில் (மனம் தானே அறியாத ஆசைகளைத் தேடும் நோக்கில்) ஆராய்க என்ற தலைப்பு அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அக்கட்டுரைகளின் குறைகள் பலவாகத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: நாடகத்திடம் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்க வேண்டிய கோட்பாடு, நாடகத்தைத் திறப்பதற்கு முன்பே தயாராகிவிட்ட விடையாக மாறிவிடுகிறது.

கட்டுரையின் முதற்பாதி முழுவதையும் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டின் வாழ்க்கைக்கும் மனத்தின் மூன்று அடுக்குகளுக்கும் கொடுத்துவிடுவது இதன் முதல் அடையாளம். 1900ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளிவந்த கனவுகளின் விளக்கம் பற்றிய நூலில் ஃபிராய்ட் ஹாம்லெட்டுக்கு ஒதுக்கியது சிறு இடமே. அதை விரித்து 1910இல் கட்டுரையாகவும் 1949இல் தனி நூலாகவும் எழுதியவர் அவருடைய சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ். தந்தையான அரசனைக் கொன்று தாயை மணந்த சிற்றப்பன் கிளாடியஸ், ஹாம்லெட்டின் நனவிலியில், அதாவது அவனே அறியாத மனப்பகுதியில், புதைந்து கிடக்கும் குழந்தைப் பருவ ஆசையையே செய்து முடித்தவன் என்பதால், அவனைத் தண்டிக்க ஹாம்லெட்டின் கை எழவில்லை என்பது வாதம். இவ்வளவைச் சொல்ல ஒரு பத்தி போதும். மீதி இடம் நாடகத்துக்கு உரியது.

நாடகத்துக்குள் வந்த பிறகு நேரும் பெரிய பிழை, ஹாம்லெட்டைச் செயலற்றவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது. திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அமைச்சர் பொலோனியஸை யாரென்று பார்க்கவும் நில்லாமல் குத்திக் கொல்பவனும், கடற்கொள்ளையரின் கப்பலில் தனியாளாகத் தாவி ஏறுபவனும், பழைய நண்பர்கள் இருவரை ஒரு கடிதத்தால் சாவுக்கு அனுப்பிவைப்பவனும் அவனேதான். ஜோன்ஸின் வாதமும் அவனைப் பொதுவாகச் செயலற்றவன் என்று சொல்லவில்லை. இந்த ஒரு செயலில் மட்டும் அவன் ஏன் தடுமாறுகிறான் என்றுதான் கேட்டது.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் கிளாடியஸ் தனியே மண்டியிட்டிருக்கிறான். ஹாம்லெட் வாளை உருவுகிறான். தொழும் வேளையில் கொன்றால் இவன் சொர்க்கம் போய்விடுவான் என்று சொல்லி உறையில் இடுகிறான். ‘இது வெறும் சாக்கு, உண்மைக் காரணம் நனவிலியில் உள்ளது’ என்று மாணவர்கள் ஒரு வரியில் இதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால், பாத்திரம் சொல்லும் காரணமெல்லாம் சாக்கு, சொல்லாததெல்லாம் சான்று என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோட்பாடு எந்த நாடகத்திலும் தோற்க வழியே இல்லை. தோற்க முடியாத வாதத்தை எந்த ஆசிரியரும் நம்பமாட்டார். ஹாம்லெட் சொல்லும் காரணத்துக்கு நாடகத்திலேயே அடிப்படை உண்டு. பாவமன்னிப்புப் பெறாமல் இறந்துபோனதே தந்தையின் ஆவி முதல் அங்கத்தில் முறையிட்ட கொடுமை. அதே கணக்கை மகன் திருப்பித் தீர்க்க நினைப்பது இயல்பானதே. அவன் போன பிறகு கிளாடியஸ் எழுந்து, சொற்கள் மேலே பறந்தன, எண்ணம் கீழேயே நின்றுவிட்டது என்கிறான். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டிய பிறகும் ‘சாக்கு’ என்ற வாசிப்புக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பதுதான் திறனாய்வு.

விந்தை என்னவென்றால், உளப்பகுப்பாய்வுக்கு உண்மையிலேயே வலுச்சேர்க்கும் இடங்களை இக்கட்டுரைகள் கவனிப்பதே இல்லை. முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் வரும் தனிமொழியைப் பாருங்கள். ஆவியை அவன் இன்னும் பார்க்கவில்லை. கொலை நடந்தது என்பதே தெரியாது. ஆயினும் அந்தப் பேச்சில் தந்தையின் சாவைவிடத் தாயின் மறுமணமே பெரிதாகிறது. தந்தை இறந்து இரண்டு மாதம் என்று தொடங்கி, இல்லை, அவ்வளவுகூட ஆகவில்லை என்று திருத்தி, ஒரு மாதத்துக்குள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் புழுங்குகிறான். (தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையை எதிர்பார்த்துச் செல்லும் தமிழ் வாசகருக்கு அங்கே கிடைப்பது அருவருப்பும் வெகுளியும்தான்.) இன்னோர் இடம், அரசவையில் நடக்கும் நாடகத்துக்குள் நாடகம். அதில் அரசனுக்கு நஞ்சூட்டும் லூசியானஸ், அரசனின் தம்பி அல்லன். அரசனின் உடன்பிறந்தார் மகன் என்று ஹாம்லெட்டே அவைக்கு அறிவிக்கிறான். கொன்ற கிளாடியஸும் கொல்ல வேண்டிய ஹாம்லெட்டும் ஓர் உருவில் கலந்துவிடும் இந்த ஒரு வரி, பத்துப் பக்கக் கோட்பாட்டு விளக்கத்தைவிட மதிப்புள்ளது.

திரையில் பார்த்ததை நாடகப் பிரதியில் படித்ததாக எழுதுவது அடுத்த தவறு. தாயும் மகனும் மோதும் காட்சியைக் கட்டிலோடு சேர்த்து வருணிக்காத கட்டுரை அரிது. பிரதியிலோ அது அரசியின் தனியறை. கட்டில் பற்றிய மேடைக்குறிப்பு எதுவும் இல்லை. படுக்கை இருப்பது மேடையில் அன்று, ஹாம்லெட்டின் பேச்சில். ஜோன்ஸின் கருத்தை ஏற்று லாரன்ஸ் ஒலிவியே எடுத்த 1948ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழியே அந்தக் கட்டில் பரவலாக நிலைபெற்றது. கோட்பாட்டிலிருந்து பிறந்த காட்சியை அதே கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டுவது வட்டத்தில் சுற்றுவதாகும். இங்குள்ள பிள்ளைகள் 2014இல் வந்த ‘ஹைதர்’ இந்திப் படத்தையும் பார்த்திருப்பதால், காஷ்மீர்ச் சூழலில் தபு ஏற்று நடித்த தாயின் இயல்புகள் ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூட்டின் மேல் ஏறிவிடுகின்றன. கணவனின் கொலை கெர்ட்ரூட்டுக்கு முன்பே தெரியும் என்பதற்கு நாடகத்தில் தெளிவான ஆதாரம் இல்லை. அவளைப் பற்றி நாம் கேட்பதில் பெரும்பகுதி மகனும் ஆவியும் சொல்வதே என்பதையும் கட்டுரை மறக்கலாகாது.

ஹாம்லெட்டின் குழந்தைப் பருவத்தைக் கற்பனை செய்து எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். அவன் நோயாளி அல்லன், பிரதிக்கு வெளியே அவனுக்கு வாழ்க்கை கிடையாது. ஆசிரியரின் வாழ்க்கையை இழுப்பதும் ஆபத்தானது. 1601இல் ஷேக்ஸ்பியரின் தந்தை இறந்ததோடு ஃபிராய்ட் இந்நாடகத்தை இணைத்தார். பிற்காலத்தில் இந்நாடகங்களை எழுதியவர் ஷேக்ஸ்பியரே அல்லர் என்று அவரே நம்பத் தொடங்கியபோது அந்த இணைப்பு நிற்க இடமின்றிப் போனது.

கடைசியாக, பதிப்பு. செய்யக் காரணமும் மனமும் வலிமையும் வழியும் இருந்தும் ஏன் இன்னும் செய்யாமல் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை என ஹாம்லெட் சொல்லும் தனிமொழி நான்காம் அங்கத்தில் வருகிறது. உளப்பகுப்பாய்வாளருக்கு இதைவிட இசைவான வாக்குமூலம் நாடகத்தில் வேறில்லை. ஆனால் 1604–05ஆம் ஆண்டுகளின் இரண்டாம் குவார்ட்டோ என்னும் சிறு வடிவப் பதிப்பில் உள்ள இப்பகுதி, 1623ஆம் ஆண்டு ஃபோலியோ என்னும் பெரிய வடிவத் தொகுப்பில் இல்லை. ஆகவே எந்தப் பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டுகிறோம் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்; இந்தத் தனிமொழியை ஆதாரமாக்கினால், அது இல்லாத ஃபோலியோவின் ஹாம்லெட்டுக்கும் தன் வாசிப்பு பொருந்துமா என்பதையும் சொல்லியாக வேண்டும்.