காலநிலைத் திருப்புமுனைகளை ஆராயத் தொடங்குபவருக்கு

திருப்புமுனை என்றால், வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மாற்றம் தானாகவே தொடரத் தொடங்கும் நிலை. அப்படிப்பட்ட அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படிக்காதீர்கள். இரண்டை மட்டும் எடுங்கள்: கிரீன்லாந்துப் பனிப்படலம், அட்லாண்டிக் பெருங்கடலின் நீர்ச்சுழற்சி (வெதுவெதுப்பான மேல்நீரை வடக்கே கொண்டுபோய், குளிர்ந்த நீரை ஆழத்தில் தெற்கே திருப்பும் ஓட்டம்). 2022இல் சயன்ஸ் இதழில் வந்த மதிப்பீடு, கிரீன்லாந்துக்கான வெப்ப எல்லையை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்கிறது. பக்கத்திலேயே 0.8 முதல் 3 வரை என்ற வீச்சும் இருக்கும். நான் குறிப்பேட்டில் முதலில் எழுதுவது அந்த வீச்சைத்தான்.

அப்புறம் ஒரு தாளில் அம்புக்குறிகள் போடுங்கள். பனி உருகினால் நன்னீர் கடலில் கலக்கும், மேல்நீரில் உப்பும் அடர்த்தியும் குறையும், அது கீழே இறங்குவது தளரும், சுழற்சி மந்தமாகும். சரி, இது ஒரு அம்பு. திரும்பி வரும் அம்பையும் கட்டாயம் போடுங்கள்: சுழற்சி தளர்ந்தால் வடக்கே போகும் வெப்பம் குறையும், அது கிரீன்லாந்து உருகுவதைச் சற்றுத் தடுக்கும். பலர் இதை விட்டுவிட்டு, ஒன்று விழுந்தால் எல்லாமே விழும் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். தெற்கில் தங்கிவிடும் வெப்பம் மேற்கு அண்டார்க்டிகாவை என்ன செய்யும் என்பது அடுத்த அம்பு.

ஒவ்வொரு அம்பின் மேலும் கால அளவைக் குறியுங்கள். பனிப்படலம் முழுதும் உருக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். சுழற்சி அதைவிட மிக வேகமாகச் சரியலாம்.

கடைசியாக, சான்று கணினி மாதிரியா, நேரடி அளவீடா என்று பாருங்கள். அட்லாண்டிக்கில் 26 டிகிரி வடக்கு அட்சரேகையில் இந்தச் சுழற்சியின் தொடர் அளவீடு தொடங்கியதே 2004இல்தான்.