பழைய கார் டயர்: நுரை வெளுக்கும் வரை தேயுங்கள்

பாலிஷ் போட்ட இரண்டே நாளில் என் பழைய காரின் டயர்கள் மறுபடி செம்பழுப்பாகிவிட்டன. போதாக்குறைக்கு, பின்பக்க மட்கார்டின் கிரீம் பெயின்டில் மிளகு தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். பாட்டிலைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. என் அவசரம்தான் காரணம் என்று புரிவதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

காரைக் கழுவும் முன்பே டயர்

டயர் அழுக்கு பாடி மேல் தெறிக்கும். அதனால் முதலில் டயர், பிறகு பாடி. ஓட்டி வந்த சூட்டோடு தொடாதீர்கள். நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டில் கிளீனர் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள்.

தேய்ப்பது

நான் கோட்டை விட்டது இங்கேதான். டயர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துப் போகாமல் இருக்க, தயாரிக்கும்போதே ரப்பரில் ஆன்டி-ஓசோனன்ட் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, காற்று பட்டுப் பழுப்பாகிறது. அதன்மேல் பழைய பாலிஷும் புழுதியும் ஏறினால் தோல் மாதிரி ஒரு படலம். அந்தப் படலத்தின் மேலேயே புதுப் பாலிஷைப் போட்டால் எதில் ஒட்டும்?

ஆல் பர்ப்பஸ் கிளீனரை அடித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் வட்டமாகத் தேயுங்கள். முதல் நுரை டிகாஷன் நிறத்தில் இறங்கும். காயவிடாமல் கழுவிவிட்டு மறுபடி அடியுங்கள். இரண்டாவது நுரை வெளிர் பழுப்பு. நுரை வெள்ளையாக வரும் வரை விடக்கூடாது. என் பின் டயர் ஒன்றுக்கு ஐந்து சுற்று ஆனது. எழுத்துகளின் இடுக்கும் ரிம்மை ஒட்டிய ஓரமும்தான் கடைசி வரை பழுப்பு விடும். அங்கே பழைய டூத் பிரஷ் போதும்.

கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், ரப்பரைக் கீறிவிடும். டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் அன்றைக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் ரப்பர் உப்பி இளகிப்போகும். சிலர் பிரேக் ஆயில் போடுகிறார்கள். அது பெயின்டில் பட்டால் பெயின்டே உரிந்து வரும்.

பழைய கார்களில் பின் மட்கார்டு டயரின் மேல்பாதியை மூடியிருக்கும். கீழ்ப்பாதியை முடித்ததும் வண்டியை அரைச் சுற்று உருட்டி, கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு மீதியைத் தேயுங்கள். இதை மறந்து, பாதி நிலா மாதிரி ஒரு டயரோடு ஒரு வாரம் சுற்றியிருக்கிறேன்.

காயவிடுவது

துணியால் துடைத்தபின் அரைமணி நேரமாவது விடுங்கள். ஈர டயரில் பாலிஷ் பிடிக்காது. சக்கரம் சுற்றும்போது தெறித்துப் பெயின்டில் போய் உட்காரும். என் கறுப்புப் புள்ளிகள் அப்படி வந்தவைதான்.

பாலிஷ்

என் கட்சி வாட்டர் பேஸ், அதாவது தண்ணீரில் கலந்து செய்த பாலிஷ். சால்வென்ட் கலந்த சிலிக்கான் பாலிஷ் எண்ணெய் வழிவது போல மினுங்கும், பழைய காருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. புது டயருக்கு உள்ள மங்கலான கறுப்புதான் அழகு.

டயர் மேல் நேராக ஸ்ப்ரே செய்யாதீர்கள். ஸ்பாஞ்சில் எடுத்து மெல்லிசாகத் தடவி, பதினைந்து நிமிடம் கழித்து, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். தரையைத் தொடும் டிரெட்டிலும் பிரேக்கிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. வண்டி வழுக்கும், பிரேக் பிடிக்காது.

பிறகு சேர்த்தது: வொயிட்வால்

வெள்ளைப் பட்டை டயர் வைத்திருப்பவர்கள் கேட்டதால் இது. பட்டைக்குத் தனி பிரஷ் வையுங்கள், கறுப்பைத் தேய்த்த பிரஷ் வெள்ளையைக் கெடுத்துவிடும். பாலிஷ் கறுப்பில் மட்டும். பட்டையில் ஏறினால் மஞ்சளாகும். புது வொயிட்வாலில் நீலப் பூச்சு இருந்தால் பதறாதீர்கள். பட்டையைக் காக்கப் பூசியது அது, தண்ணீரும் சோப்பும் பட்டால் போய்விடும்.

இன்னொன்று

தேய்த்த பிறகு பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன, எந்தப் பாலிஷ் போட்டால் மறையும் என்று ஒருவர் கேட்டார். மறைக்காதீர்கள். டயரின் வயதைத் தெரிந்துகொள்ள, பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. மூன்றே இலக்கம் என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. தேதி சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், வெளிப்பக்கம் காணவில்லை என்றால் டார்ச் அடித்து உள்பக்கம் தேடுங்கள். அவர் டயரில் இருந்தவை மூன்று இலக்கங்கள். பாலிஷை ஓரமாக வைத்துவிட்டுப் புது டயர் வாங்கச் சொன்னேன்.